தொட்டி மீனுக்கு உடம்பு சரியில்லையா: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

மீன் சோர்ந்துபோய் மூலையில் நின்றால் உடனே நீல மருந்தையோ பச்சை மருந்தையோ தொட்டியில் ஊற்றாதீர்கள். வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது தண்ணீர்தான், கிருமி அதற்குப் பிறகுதான் வருகிறது. தண்ணீர்க் கோளாறுக்கு மருந்து ஊற்றினால் பில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் சாகும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு இன்னும் ஏறும், பிழைத்திருக்க வேண்டிய மீனும் போய்விடும்.

மருந்தை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள். எத்தனை மீன்களுக்குக் கோளாறு? எவ்வளவு வேகத்தில் வந்தது? சில மணி நேரத்துக்குள் எல்லா மீன்களுக்கும் வந்தால் தண்ணீரைப் பாருங்கள். ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஒன்று இரண்டு எனப் பரவினால் ஒட்டுண்ணி அல்லது பாக்டீரியா. வாரக்கணக்கில் ஒரே மீனுக்கு மட்டும் என்றால் கோளாறு அந்த மீனின் உடம்பில். இந்தப் பிரிவினை சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கையில் இருக்க வேண்டியவை

அம்மோனியா, அது மாறும்போது உண்டாகும் நைட்ரைட், தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். ஆகியவற்றைப் பார்க்கும் சொட்டுப் பரிசோதனைப் பெட்டி, தெர்மாமீட்டர், கிராம் காட்டும் சமையல் தராசு, ஊசியில்லாத சிரிஞ்ச், டார்ச், சரளை உறிஞ்சும் சைபன் குழாய், கல் உப்பு, குளோரின் நீக்கி. உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது.

தொட்டியின் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தும் போடக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். இரண்டடித் தொட்டி 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். மேலே விடும் இடைவெளி, சரளை, கற்கள் போக உள்ளே நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர்தான். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் இந்த 45 லிட்டருக்கு.

சிகிச்சைத் தொட்டிக்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். சோப்பு படாத டப்பாக இருக்க வேண்டும். ஏர் பம்ப்போடு ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், சின்ன ஹீட்டர், மேலே மூடி, அடியில் சரளை வேண்டாம். மருந்து இருக்கும் தண்ணீரில் பில்டர் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதனால் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால்

ஃபைட்டரும் கௌராமியும் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அது நோயில்லை. மேற்பரப்பை விட்டு நகராமல் நின்றால், அல்லது கப்பி, கோல்டு ஃபிஷ், டெட்ரா எல்லாம் மேலே தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். உடனே ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். பிறகு காரணத்தைத் தேடலாம்.

விடியற்காலையில் மட்டும் திணறிவிட்டு, விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் சரியானால் அது ஆக்சிஜன் குறைவு. செடிகள் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இது கூடும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.2 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 மி.கி.தான். மீனுக்கோ சூட்டில் தேவை அதிகம். இரவில் காற்றோட்டத்தை நிறுத்தாதீர்கள், தீனியைக் குறையுங்கள், மீன் எண்ணிக்கையையும் பாருங்கள்.

தண்ணீர் மாற்றிய சிறிது நேரத்தில் எல்லா மீன்களும் துள்ளி ஓடி, பிறகு மேலே வந்து திணறினால் குளோரின். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றியிருப்பீர்கள். ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டை 10 கிராம் எடுத்து 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 லிட்டருக்கு 1 மி.லி. வழக்கமான அளவு. அவசரத்தில் 45 லிட்டருக்கு 9 மி.லி. வரை, அதாவது இருமடங்கு, நேராகத் தொட்டியில் ஊற்றலாம். குளோரின் உடனே போய்விடும், ஆனால் வெந்த செவுள் ஆற ஒரு வாரமாவது ஆகும். அதுவரை காற்றோட்டத்தைக் குறைக்க வேண்டாம்.

புதுத் தொட்டி, வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான் முதல் சந்தேகம். கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். பரிசோதனையில் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாதித் தண்ணீரை, அதே வெப்பநிலையில் உள்ள குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். செவுள் பழுப்பாகத் தெரிந்து நைட்ரைட்டும் இருந்தால் லிட்டருக்கு அரை கிராம் உப்பு, அதாவது 22 கிராம் சேருங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். நைட்ரைட்டை அது அழிக்காது, தண்ணீர் மாற்றத்தை நிறுத்திவிடாதீர்கள்.

போர் தண்ணீர் பயன்படுத்துவோர் பி.எச். எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். 25 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் ஏறக்குறைய 5 சதவீதம் நஞ்சாகிவிடும். பெட்டி காட்டும் நிறம் இரண்டு தொட்டியிலும் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல.

இதனால்தான் பழைய தொட்டிகளில் ஒரு விபரீதம் நடக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச். இறங்கி 6க்குக் கீழே போயிருக்கும். அங்கே பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா சேர்ந்திருந்தாலும் மீனைப் பெரிதாகத் தாக்காது. ஒரு நாள் அக்கறையாகப் பாதித் தண்ணீரைப் போர் தண்ணீரால் மாற்றியதும் பி.எச். ஏறி, சேர்ந்திருந்த அம்மோனியாவில் ஒரு பங்கு நஞ்சு வடிவுக்கு மாறிவிடும். அன்றிரவே மீன்கள் சாகும். இப்படிப்பட்ட தொட்டியில் ஒரு வாரத்துக்குத் தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் பி.எச். பாருங்கள்.

சில மணி நேரம் மின்சாரம் போய் வந்த பிறகு திணறல் என்றால் மூடிய கேனிஸ்டர் பில்டரைச் சந்தேகியுங்கள். காற்றில்லாமல் உள்ளே அழுகிய தண்ணீர், பில்டர் ஓடியதும் தொட்டிக்குள் வரும். முதலில் பில்டரைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டுங்கள்.

ஒன்றிரண்டு மீன் மட்டும் வேகமாக மூச்சு வாங்கி, ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருந்தால் அது செவுள் புழு. உரசல் பற்றிய பகுதியில் மருந்து இருக்கிறது.

வெள்ளைப் புள்ளிகள்

முதலில் ஒரு தெளிவு. ஆண் கோல்டு ஃபிஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் வரும். மீன் சுறுசுறுப்பாக இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள்.

உடம்பிலும் துடுப்பிலும் ஒழுங்கில்லாமல் ரவை அளவுப் புள்ளிகள், நாளுக்கு நாள் கூடுகின்றன, மீன் கல்லில் உரசுகிறது என்றால் வெண்புள்ளி நோய். மருந்து போட்டும் போகவில்லை என்று நிறையப் பேர் கைவிடுவது இந்த நோயில்தான். காரணம் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று. கண்ணுக்குத் தெரியும் புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது, அங்கே மருந்து எட்டாது. அது முதிர்ந்து கழன்று சரளையில் விழுந்து, கூடு கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்காகப் பிரியும். கூட்டையும் மருந்து துளைக்காது. கூட்டை விட்டு வெளியே வந்து நீந்தி, அடுத்த மீனைத் தேடும் குஞ்சுகளை மட்டுமே மருந்து கொல்லும். அவை இரண்டு நாள் அளவுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் தாமாகவே சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் சரளையில் கிடப்பவை அடுத்த வாரம் பல மடங்காகத் திரும்பும்.

ஒரு மீனில் தெரிந்தாலும் தொட்டி முழுவதற்கும் சிகிச்சை வேண்டும். நோயுற்ற மீனை மட்டும் பிரித்து எடுப்பதால் பயனில்லை.

1. வெப்பநிலையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றுங்கள். சூட்டில் சுற்று வேகமாக ஓடும், மருந்து எட்டும் பருவம் சீக்கிரம் வரும். 25 டிகிரியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், 30இல் அதில் பாதி. கூடவே இரண்டாவது ஏர் ஸ்டோன் போடுங்கள்.

2. லிட்டருக்கு 2 கிராம் உப்பு, அதாவது 90 கிராம். மூன்று பங்காகப் பிரித்து, எட்டு மணி நேர இடைவெளியில், மக்கில் கரைத்து ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் அதன்மேல் மேயும் மீனின் தோல் பொசுங்கும்.

3. ஒருநாள் விட்டு ஒருநாள் சரளையைச் சைபனால் உறிஞ்சிக் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். சுமார் 11 லிட்டர் போகும், அதற்கு 22 கிராம் உப்பு திரும்பச் சேரும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாகாது.

4. கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். மொத்தம் 10 முதல் 14 நாள்.

மூன்று நாளில் புள்ளி கூடிக்கொண்டே போனால் மலக்கைட் கிரீன் உள்ள மருந்தை லேபிள் அளவில் சேர்க்கலாம். பில்டரிலிருந்து கரியை எடுத்துவிடுங்கள், விளக்கை அணையுங்கள், கையுறை போடுங்கள். சக்கர், கோரிடோரஸ், லோச், டெட்ரா மீன்கள் இருந்தால் உப்பு லிட்டருக்கு 1 கிராம், மருந்து பாதி அளவு. செடிகளில் சில உப்பைத் தாங்காது. மலக்கைட் கிரீன், உணவுக்காக வளர்க்கும் மீனுக்குத் தடை செய்யப்பட்ட பொருள். அந்தத் தண்ணீர் வீட்டுக் குளத்துக்கோ தோட்டக் கீரைக்கோ போகக் கூடாது.

சென்னைப் பக்கம் இந்த நோய் ஐப்பசி கார்த்திகை மழையோடு சேர்ந்து வருவதற்குக் காரணம், பகலுக்கும் இரவுக்கும் தண்ணீர் வெப்பநிலை மாறுவது. இங்கே எதற்கு ஹீட்டர் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 26 டிகிரியில் நிலையாக வைத்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம்.

புள்ளியாக இல்லாமல் மிக நுண்ணிய பொன்னிறத் துகள் படிந்ததுபோல் தெரிந்தால் அது வெல்வெட். விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். புள்ளி நோயைவிட வேகமாகக் கொல்லும். அந்த ஒட்டுண்ணி ஒளியையும் உணவாக்கிக்கொள்ளும் என்பதால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குங்கள். மருந்து தாமிரம் கலந்தது, அதற்குரிய பரிசோதனைப் பெட்டியோடு மட்டும் பயன்படுத்துங்கள். இறாலும் நத்தையும் தாமிரத்தில் சாகும். தாது குறைந்த மென்னீரில் மீனுக்கே ஆபத்து.

பஞ்சுபோல் வெள்ளை

இங்கே இரண்டு நோய்கள் குழம்பும், குழப்பம் உயிரைப் பறிக்கும். கடிபட்ட அல்லது வலையில் உரசிய காயத்தில் நூல் நூலாக நீட்டிக்கொண்டு நின்றால் பூஞ்சை. சிகிச்சைத் தொட்டியில் மெத்திலீன் நீலம், லிட்டருக்கு 2 மி.கி. 1 சதவீதக் கரைசல் என்றால் 20 லிட்டருக்கு 4 மி.லி. ஐந்து நாளில் உதிரும். கடைப் புட்டிகளின் அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறும், லேபிளைப் பாருங்கள். பெரிய தொட்டியில் இதை ஊற்றாதீர்கள், பில்டர் பாக்டீரியா போய்விடும்.

உதட்டைச் சுற்றியோ முதுகின் குறுக்கே சேணமாகவோ, நூலில்லாமல் தட்டையாகச் சாம்பல் வெள்ளை படர்ந்தால் அது கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா. ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடும். வெண்புள்ளிக்குச் செய்ததுபோல் சூடு ஏற்றினால் இது இன்னும் வேகமெடுக்கும். வெப்பநிலையை 24, 25க்கு இறக்கி, காற்றோட்டத்தைக் கூட்டி, அன்றே மருத்துவரைக் கேளுங்கள். ஆக்சிடெட்ராசைக்ளினை நாமாக வாங்கித் தண்ணீரில் போடுவது பெரும்பாலும் வீண். போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். தீனியில் கலந்து தருவதே வேலை செய்யும், அதுவும் மீன் தின்னும் நிலையில் இருந்தால்தான்.

துடுப்பு கிழிந்தால், தேய்ந்தால்

விளிம்பு சுத்தமாகக் கிழிந்திருந்தால் கூட இருக்கும் மீன் கடிக்கிறது. டைகர் பார்ப் இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். விளிம்பு வெளுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் உள்ளே போனால் துடுப்பழுகல். ஒருநாள் விட்டு ஒருநாள் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் உப்பு. ஒரு வாரத்தில் விளிம்பில் கண்ணாடிபோல் மெல்லிய புதுத் தோல் தெரிந்தால் ஆறுகிறது. அழுகல் உடம்பைத் தொட்டுவிட்டால் உப்பு போதாது, ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

தலைகீழாக மிதந்தால், சாய்ந்தால்

ஒரண்டா, ராஞ்சு போன்ற உருண்டை உடம்புக் கோல்டு ஃபிஷ்களில் இது அடிக்கடி வரும். மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கி, மலச்சிக்கலும் சேர்ந்தால் காற்றுப்பை அமுங்கும். மூன்று நாள் பட்டினி போடுங்கள், ஒன்றும் ஆகாது. பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி, சின்னத் துண்டாக. தண்ணீர் உயரத்தை 15 செ.மீ.க்குக் குறைத்தால் மீனுக்குச் சிரமம் குறையும். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட், கல் உப்பு அல்ல) 20 லிட்டருக்கு 5 கிராம் உதவும். பின்னர் தீனியை ஊறவைத்தே போடுங்கள். ஃபைட்டருக்குப் பட்டாணி வேண்டாம், அது பூச்சி தின்னும் மீன், பட்டினி மட்டும் போதும். மிதக்காமல் அடியிலேயே கிடந்தால் தீனி காரணமல்ல, அம்மோனியாவைப் பாருங்கள்.

வயிறு வீங்கினால்

மேலிருந்து பாருங்கள். செதில்கள் உடம்போடு படிந்திருந்தால் முட்டையாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம். செதில்கள் எல்லாப் பக்கமும் சிலிர்த்து நின்றால் சிறுநீரகம் கைவிட்டு உடம்பில் நீர் கோத்திருக்கிறது. தனித் தொட்டி, சுத்தமான தண்ணீர், 20 லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு, மருத்துவர் சொன்னால் தீனியில் ஆன்டிபயாட்டிக். செதில் சிலிர்த்த பின் பிழைப்பவை குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் அடிபட்டது, தானாக ஆறும். இரண்டும் பிதுங்கினால் இந்த வகைதான்.

மலம் வெள்ளை நூலாக, உடம்பு மெலிந்து

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ஏஞ்சல், டிஸ்கஸ் மீன்களில் குடல் ஒட்டுண்ணி. தலையில் சின்னக் குழிகளும் வரலாம். மருந்து மெட்ரோனிடசோல். மருந்துச் சீட்டோடு 200, 400 மி.கி. மாத்திரையாகக் கிடைக்கும். தின்னும் மீனுக்கு 10 கிராம் தீனியில் 100 மி.கி., அதாவது 400 மாத்திரையில் கால்பங்கு, பொடித்துச் சில சொட்டுத் தண்ணீரில் பிசிறி, உலர்த்தி ஐந்து நாள் கொடுங்கள். தின்னாவிட்டால் தண்ணீரில், 60 லிட்டருக்கு ஒரு 400 மாத்திரை. 45 லிட்டருக்கு முக்கால் மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் முன் கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

உரசுகிறது, ஆனால் புள்ளி இல்லை

தண்ணீர் மாற்றிய உடன் என்றால் குளோரின் அல்லது பி.எச். மாற்றம். நாள்கணக்கில் தொடர்ந்தால் தோல், செவுள் புழு. பிராசிகுவான்டல், லிட்டருக்கு 2 மி.கி., மொத்தம் 90 மி.கி. எளிதில் கரையாது, பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் குலுக்கி ஊற்றுங்கள். முட்டைகள் இதில் சாகாது. ஆறேழு நாள் கழித்து இரண்டாம் முறை கட்டாயம்.

மண் குளத்தில் வளர்த்த கோல்டு ஃபிஷ், கோய் மீன்களில் உடம்பில் நூல்போல் ஒன்று தொங்கி, அடியில் சிவந்த புண் இருந்தால் நங்கூரப் புழு. மீனை ஈரத் துணியில் பிடித்து, புழுவைத் தோலோடு ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பற்றி மெதுவாக இழுங்கள், தலை உள்ளே அறுந்து நிற்கக் கூடாது. புண்ணில் பஞ்சுக் குச்சியால் பெட்டாடின் தொட்டு வைத்து உடனே தண்ணீரில் விடுங்கள். செவுளில் படக் கூடாது. தண்ணீரில் இருக்கும் குஞ்சுகளுக்கு டைஃப்ளூபென்சுரான் மருந்து, இறால் இருக்கும் தொட்டியில் கூடாது.

காரணமில்லாமல் மெலிந்து, முதுகு வளைந்து, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்தால் மீன் காசநோயாக இருக்கலாம். குணமாக்கும் நம்பகமான வழி வீட்டில் இல்லை. அந்தக் கிருமி கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதத் தோலையும் தாக்கும். காயத்தோடு தொட்டியில் கை விடாதீர்கள், சைபனை வாயால் உறிஞ்சாதீர்கள்.

மருத்துவரும், முடிவும்

கால்நடை மருத்துவர் எல்லோரும் மீன் பார்ப்பதில்லை, கேட்டுக்கொண்டு போங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடி, பொன்னேரிக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். செத்து வெகுநேரமான மீன் சோதனைக்கு உதவாது. தண்ணீர் மாதிரி, பரிசோதனை எண்கள், மீன் நீந்தும் காணொளி மூன்றையும் கொண்டு போங்கள்.

பிழைக்காது என்று தெரிந்த மீனைக் கழிப்பறையில் விடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம், இரண்டிலும் அது துன்பப்பட்டே சாகும். கிராம்பு எண்ணெய் லிட்டருக்கு 0.4 மி.லி. எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குலுக்கிப் பால் நிறமாக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றுங்கள். மயங்கிப்போகும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

குணமான பிறகு

மருந்தை எடுக்க, புதுக் கரியைப் பில்டரில் இரண்டு நாள் வைத்து எறிந்துவிடுங்கள். உப்பைக் கரி எடுக்காது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். லிட்டருக்கு 2 கிராம் இருந்த தொட்டியில் கால்பங்கு வீதம் நான்கு முறை மாற்றினால் 0.6 கிராமுக்கு வரும். ஒரு வாரத்துக்குத் தினமும் அம்மோனியா பாருங்கள், பில்டர் அடிபட்டிருந்தால் இப்போதுதான் தெரியும். அதுவரை தீனி பாதி.

சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கினாலும் பக்கத்துத் தெருவில் வாங்கினாலும் புது மீனை மூன்று நான்கு வாரம் தனி டப்பில் வைத்த பிறகே சேருங்கள். அந்த டப்புக்குத் தனி வலை, தனி மக். வலையை ஒவ்வொரு முறையும் வெயிலில் முழுதாகக் காயவையுங்கள், ஈர வலையிலேயே வெண்புள்ளி அடுத்த தொட்டிக்குப் போய்விடும்.